பழகிய வாடை

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்று முதலில் சொன்னவன் தருண்தான். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். கரூரில் கனிஷ்காவின் வீட்டு மொட்டைமாடியில் இருவரும் உட்கார்ந்துகொண்டு, எந்த ஊரில் குடித்தனம் வைப்பது என்று போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் விரல் தருமபுரியில் கிளம்பியது. காவிரியோடு சேர்ந்து கிழக்கே நகர்ந்து நகர்ந்து நாகப்பட்டினத்தில் போய் நின்றது.

"இங்க போயிட்டா நம்மள யாராலயும் கண்டுபிடிக்க முடியாது," என்றான்.

கனிஷ்காவுக்கு அதைக் கேட்டு வயிறு வலிக்கிற அளவு சிரிப்பு வந்தது. இருவர் மேலும் மீன் வாடை அடிக்கும். குளித்தாலும் அடிக்கும், புதுத்துணி போட்டாலும் அடிக்கும். வெளியூரில் மூன்று வருடம் கல்லூரி விடுதியில் இருந்தபோது, அறையில் யாரோ கருவாடு ஒளித்து வைத்திருப்பதாக வார்டன் இரண்டு முறை அவள் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். தருமபுரியில் தருண் வேலை பார்த்த கடையில் அவனைக் கல்லாவிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அக்கரைப்பேட்டையில் அவர்களுக்குக் கிடைத்த வீட்டின் எதிரே நெடுக வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. தெருவே நெத்திலியும் வாளையுமாக மணத்தது. தருணுக்கு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே அமோனியா நெடிக்கு முன்னால் வேறு எந்த வாடையும் எடுபடாது. கனிஷ்காவுக்குப் பக்கத்துத் தெரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. முதல் நாள் ஆறாம் வகுப்புக்குள் போனபோது ஒரு பிள்ளைகூட மூக்கைச் சுருக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து அவள் அழுதது சந்தோஷத்தில்தான்.

அவர்கள் நோய்க்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. இருவர் வீட்டிலும் அதை 'சிரப்' என்றுதான் சொல்வார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை குடிக்க வேண்டிய மருந்து அது. காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. கனிஷ்காவின் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். அவளுக்கு முன்னால் பிறந்த ஹரீஷ் இரண்டரை வயதில் ஒரு காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்து, மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. அதனால்தான் கனிஷ்கா பிறந்தவுடன் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதனால்தான் அவள் பிழைத்தாள்.

தருணை அவள் முதலில் பார்த்தது மதுரையில் நடந்த முகாமில். மாநிலம் முழுவதிலும் இந்த நோய் உள்ள பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தார்கள். வருடம் ஒருமுறை, மே மாதத்தில், ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்தில் இரண்டு நாள் தங்க வைத்து இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். நடத்துகிறவர் மெர்லின் டாக்டர். நாகர்கோவில்காரர். பெரியவர்களிடம் இங்கிலீஷிலும் பிள்ளைகளிடம் ஊர்ப் பேச்சிலும் பேசுவார். அந்த வருடம் அவருக்கே முப்பது வயது இருந்திருக்காது.

"மக்ளே, உங்க எல்லாருக்கும் உள்ள அடுப்பு இருக்கு, விறகும் இருக்கு," என்று அவர் கரும்பலகையில் ஒரு அடுப்பை வரைந்தார். "கொழுப்புதான் விறகு. அதைத் தூக்கிட்டுப் போயி அடுப்புக்குள்ள வைக்கிற ஆளுக்குப் பேரு கார்னிடைன். அந்த ஆளு கொஞ்சம் இறைச்சியில, பால்ல வருவாரு. கொஞ்சம் உடம்பே செஞ்சுக்கும். மத்தவங்க உடம்புல அவரு வெளியே போகப் பார்த்தா, சிறுநீரகம் வாசல்ல நின்னு கையைப் பிடிச்சு உள்ள இழுத்துவிடும். உங்களுக்கு அந்த வாசல்ல ஆள் இல்ல. எல்லாரும் மூத்திரத்தோட போயிடுறாங்க."

பிள்ளைகள் மூத்திரம் என்ற சொல்லுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அதனாலதான் நாள் பூரா வெளியேருந்து ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கோம். ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது. விட்டுக்கிட்டே இருந்தா, விறகு குவிஞ்சு கிடக்கும், அடுப்பு அணைஞ்சு போகும். முதல்ல பட்டினி கிடக்கிறது இதயம்தான்."

"அப்ப நாத்தம் எதுக்கு வருது?" என்று கடைசி வரிசையில் ஒரு பையன் கேட்டான்.

"நீங்க குடிக்கிறதுல பாதி குடல்லேயே தங்கிடும். அங்க இருக்கிற கிருமிங்க அதைத் தின்னுட்டு விடுற வாடை அது."

அந்தப் பையன் கொஞ்சம் யோசித்தான். "கிருமிக்குத் தெரியாமக் குடிக்க முடியாதா டாக்டர்?"

அவன்தான் தருண். அவனுக்குப் பத்து வயது, அவளுக்கு எட்டு.

அந்த இரண்டு நாட்களை நினைத்தால் கனிஷ்காவுக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகும். மதியம் இரண்டு மணிக்கு நாற்பது பிள்ளைகளும் கூடத்தில் வட்டமாக நிற்பார்கள். நாற்பது குட்டி டம்ளர்களில் செர்ரி மணக்கிற சிரப். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எல்லோரும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைக் கோணுவார்கள். யார் முகம் அதிகம் கோணலோ அவருக்கு ஒரு பேனா. கூடத்தில் யாரும் யாரையும் விட்டு விலகி உட்கார மாட்டார்கள். கேட்காமலே ஒரு பிள்ளை தன் தோளில் கை போட்டது அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அங்கேதான். நாற்பது பேரும் ஒரே மாதிரி நாறியதால் அங்கே நாற்றம் என்று ஒன்றே இல்லை. திரும்புகிற ரயிலில் ஏறி, எதிர் இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் தேடிப் போகும்போதுதான் அது மறுபடி ஞாபகம் வரும்.

இருபத்திரண்டு வயதில் தருணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னபோது அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இருவருக்கும் அதே குறை என்றால் பிறக்கிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அதே குறைதான். அதை அவர்கள் அறியாதவர்கள் அல்ல. பிள்ளை வேண்டாம் என்று முகாம் கூடத்தின் பின்படியில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். மெர்லின் டாக்டர் கூப்பிட்டார். வாசலில் இல்லாத ஆளை உண்டாக்கிக் கொடுக்க ஒரு வழி வருகிறது, அதற்கான மரபணுவைச் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சுமந்து போக ஒரு வைரஸைப் பழக்கியிருக்கிறார்கள், முதல் சோதனைக்கு ஐந்து பேர் வேண்டும் என்றார். ஐந்து பெயரில் கனிஷ்காவும் ஒன்று. போக வேண்டிய வாரம் அவளுக்கு டெங்கு. அவள் இடத்தில் தருண் போனான். பயத்தில் மிகக் குறைந்த அளவுதான் கொடுத்தார்கள். ஆறு மாதம் லேசாக வேலை செய்தது, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் எவ்வளவு கொடுத்தால் சரிவரும் என்று அந்த ஐந்து பேரை வைத்துத்தான் கணக்குப் போட முடிந்தது.

கணக்கு முடிய பதினாறு வருடம் ஆனது. கடலில் மின்படகுகள் வந்து டீசல் புகை போயிருந்தது. துறைமுகத்தைச் சுற்றிக் கடல்சுவர் எழும்பியிருந்தது. மெர்லின் டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. ஒரு ஊசி போதும், ஆயுளுக்கும் சிரப் வேண்டாம் என்றார். அவளுக்கு முதல் தொகுப்பிலேயே இடம் கிடைத்தது.

"தருணுக்கு?" என்று கேட்டாள்.

டாக்டர் தருணைப் பார்த்தார். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"அவன் உடம்பு அந்த வைரஸை ஞாபகம் வச்சிருக்கு மக்ளே. திரும்ப உள்ள விட்டா அடிச்சுத் துரத்திடும். அதோட அவனையும் சேர்த்து அடிக்கும். அன்னைக்குக் கையெழுத்து போட்ட படிவத்துல ஒரு வரி இருந்துச்சு. பிற்காலச் சிகிச்சைக்குத் தகுதி இல்லாம போகலாம்னு. சுத்தமாக் கிடைக்காதுன்னு நான் அப்ப நினைக்கல."

"நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்," என்றான் தருண்.

அவள் முடியாது என்று மூன்று வாரம் அடம்பிடித்தாள். அவன் கோபமே படாதவன், அந்த ஒருமுறைதான் சத்தம் போட்டான். "நான் போயிட்டு வந்தது எதுக்கு? நீயும் வேணாம்னா அது யாருக்கு?"

மதுரையில் ஊசி போட்டுக்கொண்டு, ஈரல் சோதனை, ரத்த சோதனை என்று ஆஸ்பத்திரி விடுதியிலேயே மூன்றரை மாதம் தங்கினாள். முதல் சில வாரம் யாரும் பக்கத்தில் வரக்கூடாது, அதன் பிறகு தருணுக்கு லீவு கிடைக்கவில்லை. தருண் தினமும் இரண்டு மணிக்குப் போனில் வருவான், சிரப் டம்ளரைத் தூக்கிக் காட்டிக் குடிப்பான். இரண்டாம் மாதம் அவள் சிரப்பை நிறுத்தினார்கள். சிரப் இல்லாமலே அவள் ரத்தத்தில் கார்னிடைன் குறையாமல் நின்றது. மின்தூக்கியில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவளை உரசிக்கொண்டு நின்றாள். கனிஷ்கா தன் மாடிக்கு இறங்காமல் அந்தப் பெண்ணோடு மேலே வரை போய்த் திரும்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினாள். தருண் வேலைக்குப் போயிருந்தான். பூட்டைத் திறந்ததும் ஏதோ அழுகின வாடை குப்பென்று வந்தது. பால் திரிந்திருக்கும் என்று குளிர்பெட்டியைப் பார்த்தாள். இல்லை. சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலை நகர்த்தி, பரணில் ஏறி, பெட்டிகளைப் புரட்டினாள். தெருவில் காய்ந்துகொண்டிருந்த மீன் வாடையும் இருந்தது, ஆனால் அது உப்பும் வெயிலுமாக வேறு மாதிரி. இது வீட்டுக்குள்ளேயே ஊறிப் போயிருந்தது. தலையணையில் அதிகமாக இருந்தது.

அவள் கையில் தலையணையோடு நிற்கும்போது தருண் வந்துவிட்டான். பாதி வேலையில் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தான். மூன்றரை மாதப் பிரிவு. அப்படியே வந்து கட்டிக்கொண்டான். அவன் கழுத்தில் முகம் பதிந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அறியாமல் மூச்சை நிறுத்தினாள். ஒரு நொடிதான்.

"என்ன தேடிட்டிருந்த?" என்று கேட்டான் தருண்.

"ஒண்ணுமில்ல. எலி செத்திருக்கோன்னு பார்த்தேன்."

அவன் கைகளை எடுத்துக்கொண்டான். "கொல்லைப் பக்கமா இருக்கும். நான் பாக்கறேன்," என்றான்.

பிறகு வந்த நாட்கள் இருவருக்குமே கஷ்டம். அவள் ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டாள். வெயில் நல்லது என்றாள். அவன் துணியைத் தனியாக ஊற வைத்தாள். அதற்கு ஒரு காரணம் சொன்னாள். வாடை குறையட்டும் என்று அவன் முட்டையை விட்டான், பயறை விட்டான், புளிப்பு ஏறிய ஏதோ ஒரு சோப்பு வாங்கி இரண்டு வேளை குளித்தான். மெர்லின் டாக்டர் கொடுத்த குடல் மாத்திரையில் பத்து நாள் குறைந்தது, பிறகு கிருமிகள் திரும்ப வந்துவிட்டன. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார ஆரம்பித்தான். கேட்டால், காற்று வருகிறது என்றான். முப்பது வருடமாக ஊர் மொத்தமும் அவர்களுக்குச் செய்ததை இப்போது தான் அவனுக்குச் செய்துகொண்டிருப்பது கனிஷ்காவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மூக்கு கேட்கவில்லை.

கரூரிலிருந்து அம்மா வாரம் இரண்டு முறை கூப்பிட்டாள். "உனக்குச் சரியாயிடுச்சு. இன்னும் எதுக்கு அந்தக் கருவாட்டுத் தெருவுல? இங்க மாத்தல் வாங்கிட்டு வா. நாலு கல்யாணம் காட்சின்னு போய் வரலாம். தருணு வேணும்னா வந்து போகட்டும்."

"பாக்கலாம்மா," என்றாள். அப்படிச் சொன்னதற்காக அன்று முழுவதும் தன் மேலேயே எரிச்சலாக இருந்தாள்.

முகாம் நண்பர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர் முதலில் முகாமின் போன் குழுவில் நன்றி எழுதுவார், ஒரு பூங்கொத்துப் படம் போடுவார், ஒரு மாதம் கழித்துக் குழுவிலிருந்து விலகுவார். யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குப் புது ஊர், புது வேலை, புதிதாகப் பக்கத்தில் உட்காரும் மனிதர்கள். நாற்பது பேர் இருந்த குழுவில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். அந்த வருட மே மாதம் முகாம் நடக்கவில்லை.

ஆடி பிறந்தபோது வாடை குறையத் தொடங்கியது. முதலில் கனிஷ்கா நம்பவில்லை. சோப்பு வேலை செய்கிறது என்று நினைத்தாள். பிறகு, பழகிவிட்டது போல என்று நினைத்தாள். ஒரு மாலையில் இருவரும் கடல்சுவர் மேல் நடந்தார்கள். அவள் தானாகப் போய் அவன் தோளில் சாய்ந்தாள். அவன் மேல் வெயிலும் உப்பும் மட்டும் இருந்தன.

"முகாம் பின்படியில உக்காந்திருந்தோமே, அந்த மாதிரி இருக்கு," என்றாள்.

"ம்," என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சுவரிலிருந்து இறங்கும் பன்னிரண்டு படிக்கு இரண்டு முறை நின்றான். வயசாகுது என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த மூன்று வாரம் அவர்கள் கல்யாணமான புதிதில் இருந்ததுபோல் இருந்தார்கள். வாசல்படியை விட்டு உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் சமையலைக் குறை சொன்னான். பழைய பாட்டுகளைப் பாதி வரி மறந்து பாடினான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கு ஐஸ் கம்பெனி மேனேஜரிடமிருந்து போன் வந்தது. கம்ப்ரசர் பழுது, காலையிலிருந்து தருண் சாப்பிடக்கூடப் போகாமல் அதிலேயே இருந்திருக்கிறான், வால்வைத் தூக்கும்போது அப்படியே சரிந்துவிட்டான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார்.

கனிஷ்கா வீட்டுக்கு ஓடி, இந்த நோய் உள்ளவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற அவசரப் பையை எடுத்தாள். அதில் இரண்டு கார்னிடைன் ஊசி மருந்துக் குப்பியும் நெகிழி உறை போட்ட ஒரு கடிதமும் எப்போதும் இருக்கும். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். தருணின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. திரையில் இதயத்தின் கோடு ஒழுங்கில்லாமல் துள்ளியது.

"மாரடைப்பு மாதிரி தெரியுதும்மா. வெளிய இருங்க."

"மாரடைப்பு இல்ல சார். சர்க்கரை இறங்கியிருக்கும், பாருங்க. முதல்ல குளுக்கோஸ் போடுங்க. அப்புறம் இந்த ஊசி. எடைக்கு எவ்வளவுன்னு இதுல எழுதியிருக்கு. கீழ இருக்கிற நம்பருக்குப் பேசுங்க, மதுரையிலேருந்து டாக்டர் எடுப்பாங்க."

குரல் நடுங்காமல் அவள் சொன்னதால்தானோ என்னவோ, அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். சர்க்கரை முப்பத்தெட்டு இருந்தது. குளுக்கோஸ் ஏறியது, ஊசி ஏறியது. போனில் மெர்லின் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் செய்தார். மாலை ஐந்து மணிக்குக் கோடு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. மறுநாள் ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டு போனார்கள்.

எக்கோவில் இதயம் ஊதிப் போயிருந்தது. ரத்தத்தில் கார்னிடைன் இல்லவே இல்லை என்று சொல்கிற அளவு. மெர்லின் டாக்டர் கனிஷ்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது ஒரு வேளை ரெண்டு வேளை விட்டதுல வர்றதில்ல மக்ளே. ஒரு மாசத்துக்கு மேல மருந்தே உள்ள போகல. வீட்டுல சிரப் தீர்ந்து போச்சா?"

"இல்ல டாக்டர். பாட்டில் காலியாகுது. நானே பார்த்தேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கடல்சுவர் ஞாபகம் வந்தது. அவன் தோள் ஞாபகம் வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவனால் பேச முடிந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ஆறு வாரம் இருக்கும். முதல்ல ஒரு வேளை விட்டேன். வித்தியாசம் தெரிஞ்சுது. அப்புறம் மூணையும் விட்டுட்டேன்."

"எங்க ஊத்துன?"

"வாஷ்பேசின்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நீ நல்லா இருந்த கனி. பக்கத்துல வந்து உக்காந்த. இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்னு நெனச்சேன். தெனமும் நாளைக்கு நாளைக்குன்னு போயிடுச்சு."

அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம்.

"நாறுதுதான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். தலையணையைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னேனே, அன்னைக்கு எனக்கு வாந்தி வந்துச்சு. அதுக்கு? நீ செத்துப் போவியா? செத்தா மட்டும் மணக்குமா?"

தருண் சிரித்துவிட்டான். சிரித்ததில் இதயத் துடிப்புத் திரை கீச்சிட்டது, நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன், சிரிப்பு அடங்கியதும். "கோச்சுக்காத. நீ ஊசி போட்டுட்டு வந்ததுலேருந்து எனக்கும் உன்னோட சரியா இருக்க முடியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் மேலயும் வாடை வருது. சோப்பு, பவுடர், வேர்வை, எல்லார் மேலயும் வருமே அது. முப்பது வருஷத்துல ஒரு வாடையும் இல்லாத ஆளுன்னா எனக்கு நீ மட்டும்தான். இப்ப வீட்டுக்குள்ள யாரோ விருந்தாளி வந்து தங்கியிருக்கிற மாதிரி இருக்கு. கதவைத் திறந்து உள்ள வர்றப்ப யாரு வீடோன்னு ஒரு நிமிஷம் தோணுது. உன்கிட்ட எப்படிச் சொல்றது? குணமாகி வந்தவகிட்ட இதைப் போய்ச் சொல்ல முடியுமா?"

கனிஷ்கா அவன் கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தன் மூக்குதான் பிரச்சினை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவனுக்கும் ஒரு மூக்கு இருப்பதை அவள் யோசிக்கவே இல்லை.

அன்று மாலை மெர்லின் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு இதுக்கு மாத்திரை தெரியாது மக்ளே. ஒண்ணு மட்டும் சொல்றேன். மூக்குக்கு ஞாபகம் கம்மி. மூணரை மாசம் இங்க இருந்ததுல அது பழசை மறந்துடுச்சு. திரும்பப் பழகும். ஆனா நீ ஒரு மணி நேரம் உள்ள, ஒரு மணி நேரம் வெளியன்னு இருந்தா ஒவ்வொரு தடவையும் அதுக்குப் புதுசாத்தான் இருக்கும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பழகணுமா வேணாமாங்கிறது உன் இஷ்டம். நீ கரூருக்குப் போனாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். இதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்ல. அந்த அஞ்சு பேரைக் கூப்பிட்டது நான்தான்."

மூன்று வாரம் கழித்துத் தருணைக் கூட்டிக்கொண்டு அக்கரைப்பேட்டைக்குத் திரும்பினாள். மதியம் இரண்டு மணி ஆனதும் சிரப்பை அளந்து எடுத்துக்கொண்டு வந்து, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்தாள். அவன் முகத்தைக் கோணினான். வாடை ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. வந்தபோது அவள் ஜன்னலிடம் போகவில்லை. இருவர் துணியையும் ஒரே வாளியில் ஊற வைத்தாள். முதல் மாதம் கொடுமையாக இருந்தது. இரண்டு முறை கொல்லையில் போய் நின்று மூச்சை இழுத்துவிட்டு வந்தாள், அதை அவனிடம் மறைக்கவும் இல்லை. "முடியலையா?" என்பான். "இப்ப முடியல. இரு, வர்றேன்," என்பாள். அவளுடைய பவுடர் வாசனையைப் பற்றி அவனும் அதேபோல் சொன்னான். அவள் பவுடரை விட்டாள். சோப்பை விட முடியாது என்றாள். அதற்கு மேல் சண்டை போட அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அம்மா கூப்பிட்டபோது, மாத்தல் வாங்கப்போவதில்லை என்று சொன்னாள். அம்மா ஏன் என்று கேட்டாள். இங்கே பிள்ளைகள் கணக்கில் கெட்டி, அவர்களை விட்டுவிட்டு வர மனமில்லை என்றாள். அது பொய்யும் இல்லை.

எந்த நாளிலிருந்து வாடை தெரியாமல் போனது என்று அவளால் சொல்ல முடியாது. அப்படி ஒன்று போய்விட்டது என்பதையே அவள் கவனிக்கவில்லை.

மறுவருடம் மே மாதம் தருணின் சோதனைக்காக மதுரைக்குப் போனார்கள். பயிற்சிக் கூடம் இருந்த இடத்தில் காப்பீட்டுக் கவுன்டர்கள் வந்திருந்தன. பின்படியை இடித்துச் சாய்தளம் போட்டிருந்தார்கள். மெர்லின் டாக்டர் பணி ஓய்வு பெற்று நாகர்கோவிலுக்கே போய்விட்டார். கார்னிடைன் கிளினிக் என்று பலகை மட்டும் ஒரு அறை வாசலில் இன்னும் தொங்கியது. ஊசி வந்த பிறகு பெரும்பாலோருக்கு அங்கே வர வேலையில்லை. தருணோடு ஊசி போட்டுக்கொண்ட மற்ற நாலு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள், இருவர் வெளிநாட்டில். மாநிலத்தில் இன்னும் சிரப் குடிப்பவர் அவன் ஒருவன்தான்.

தருணை எக்கோ எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். கனிஷ்கா மற்றப் பிரிவு நோயாளிகள் நிறைந்த கூடத்தில் அவனுடைய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, இருபத்திரண்டு வயது இருக்கும், வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கனிஷ்காவைத் தாண்டும்போது அவள் மூக்கு நுனி லேசாகச் சுருங்கியது. கனிஷ்காவுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சுருக்கம் அது. அந்தப் பெண் உடனே அதைச் சரிசெய்துகொண்டு, நல்ல பிள்ளையாகச் சிரித்தாள்.

"அக்கா, சிரப் எடுத்துக்கிற பேஷன்ட் நீங்கதானே? வாங்க, பிரஷர் பாத்துரலாம்."

கனிஷ்கா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். தன் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டு போய்ப் பார்த்தாள். அவன் வாடை அதில் ஏறியிருக்க வேண்டும், அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். ரவிக்கைக் கையைச் சற்று மேலே தள்ளிவிட்டு கையை மேசைமேல் நீட்டினாள். நர்ஸ் பட்டையைச் சுற்றினாள்.

"காலைல டோஸ் ஆச்சாக்கா?"

"எட்டு மணிக்கே ஆச்சு," என்றாள் கனிஷ்கா.

"ரொம்ப வருஷமா எடுக்கிறீங்களா?"

"சின்ன வயசுலேருந்து," என்று சொல்லிவிட்டு, பட்டை கையை இறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.